டிஸ்க் நலம், சாவி காணோம்: என்கிரிப்ட் செய்த கிளஸ்டர் பூட்டிக்கொண்டால்

இதைப் படிக்கிற நேரத்தில் உங்கள் கிளஸ்டரில், அதாவது பல சர்வர்கள் சேர்ந்து ஓடும் ஸ்டோரேஜில், ஒரு நோடாவது (ஒரு சர்வராவது) இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதைத் தொடாதீர்கள். மேலாளர் சொன்னாலும் சரி, வெண்டர் போனில் சொன்னாலும் சரி, ரீபூட் வேண்டாம். “ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க” என்பது பிரின்டருக்குப் பொருந்தும். சாவி கிடைக்காமல் தவிக்கிற ஸ்டோரேஜில் அதைச் செய்தால், ஓடிக்கொண்டிருந்ததும் போய்விடும்.

டிஸ்க்கில் இருக்கிற தரவைப் பூட்டுவது ஒரு சாவி. அந்தச் சாவியையே பூட்டி வைக்க இன்னொரு சாவி. முதலாவதைத் தரவுச்சாவி, இரண்டாவதை மேல்சாவி என்று இங்கே சொல்லிக்கொள்வோம். தரவுச்சாவி பூட்டிய நிலையில் பெரும்பாலும் அந்த டிஸ்க்கிலேயே கிடக்கும். மேல்சாவி வேறோர் இடத்தில் இருக்கும். விஎம்வேரின் விசான் ஸ்டோரேஜில் அது கேஎம்எஸ் எனப்படும் சாவி சர்வரில். செஃப் என்ற திறந்தமூல ஸ்டோரேஜில், கிளஸ்டரை மேற்பார்க்கும் மானிட்டர்களின் தரவுத்தளத்தில். நெட்ஆப் நிறுவனத்தின் ஆன்டாப் ஸ்டோரேஜில் வெளியே உள்ள சாவி சர்வரிலோ கிளஸ்டருக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்ட் கீ மேனேஜரிலோ. நோட் எழும்போது மேல்சாவியை வாங்கி, தரவுச்சாவியைத் திறந்து, ராமில் வைத்துக்கொள்கிறது. அதன்பிறகு சாவி சர்வர் இருக்கிறதா செத்ததா என்று அது கவலைப்படுவதில்லை. சர்வர் போன மாதமே செத்திருக்கலாம்; உங்களுக்குத் தெரிவது இந்த மாதம் ரீபூட் ஆன அன்றுதான். அதனால்தான் “நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு” என்ற பேச்சு இந்தக் கோளாறில் மட்டும் எந்தத் துப்பும் தராது.

கீழே உள்ளவற்றில் உங்கள் திரையில் தெரிவது எதுவோ, நேரே அதற்குப் போங்கள்.

எல்லாம் ஓடுகிறது, சாவி சர்வருடன் தொடர்பில்லை என்ற எச்சரிக்கை மட்டும்

இதைவிட நல்ல நேரத்தில் கோளாறு பிடிபடாது. ராமில் சாவி இருக்கிறது, தரவு திறந்திருக்கிறது, யாரும் புகார் சொல்லவில்லை. அவசரம் இல்லாமல் கீழிருந்து மேலாகத் தேடலாம்.

சாவி சர்வர்களின் பொது மொழி கேஎம்ஐபி. அதன் வழக்கமான போர்ட் டிசிபி 5696. ஒவ்வொரு நோடிலிருந்தும் அந்தப் போர்ட் எட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு நோடில் பார்த்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. விசானில் மேலாண்மை மென்பொருளான விசென்டரும் பேசும், ஒவ்வொரு ஹோஸ்டும் (நோடும்) தனித்தனியாகவும் பேசும். விசென்டர் பச்சை காட்டுவது விசென்டருக்கு மட்டுமே பொருந்தும். விசென்டர் கோலாலம்பூரில், ஹோஸ்டுகள் பினாங்கில், நடுவே இரண்டு ஃபயர்வால் என்று இருக்கும் அமைப்பில் இந்த வித்தியாசம் ஆளையே அடித்துவிடும்.

போர்ட் திறக்கிறது, ஆனாலும் தொடர்பு இல்லையா? அப்போது பெரும்பாலும் சர்டிபிகேட்தான். கேஎம்ஐபியில் இரண்டு பக்கமும் சர்டிபிகேட் காட்ட வேண்டும்: சர்வர் தன்னை நிரூபிக்கும், நோடும் தன்னை நிரூபிக்கும். வெப்சைட் சர்டிபிகேட் காலாவதியானால் பிரவுசரே கத்திவிடும், ஊருக்கே தெரியும். நோடின் சர்டிபிகேட் காலாவதியானால் ஒரு லாக் கோப்பில் ஒரு வரி விழும், அவ்வளவுதான். ஓபன்எஸ்எஸ்எல் கருவியை வைத்து இரண்டு பக்கத்துத் தேதிகளையும் எடுத்துப் பாருங்கள். தேதிகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். 23:59:59 என்று முடியும் சர்டிபிகேட், மலேசிய நேரப்படி மறுநாள் காலை 8 மணிக்குத்தான் சாகும். ஆட்கள் அப்போதுதான் ஆபீசுக்குள் நுழைந்து, இரவு நடந்த ஏதோ ஒரு மாற்றத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். லாக்குகளை ஒப்பிடும்போதும் அந்த 8 மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சர்டிபிகேட்டைப் புதுப்பித்தும் தொடர்பு வரவில்லை என்றால், புதியதைச் சாவி சர்வர் ஏற்றுக்கொண்டதா என்று பாருங்கள். சில சாவி சர்வர்கள் சர்டிபிகேட்டில் உள்ள பெயரை வைத்தே ஆளை அடையாளம் காணும். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அவற்றுக்கு நீங்கள் புது ஆள். பழைய சாவிகள் உங்களுக்குச் சொந்தமில்லை.

அப்புறம் கடிகாரம். மதர்போர்டு பேட்டரி செத்த சர்வர் கரண்ட் போய் வந்தால் ஏதோ பழைய ஆண்டில் எழும். “சர்டிபிகேட் இன்னும் அமலுக்கு வரவில்லை” என்று லாக் சொன்னால் சர்டிபிகேட்டை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள்.

இன்னொன்று உண்டு, இது அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. போர்ட் திறக்கிறது, டிஎல்எஸ் கைகுலுக்கல் (இரண்டு பக்கமும் சர்டிபிகேட் காட்டும் கட்டம்) தொடங்குகிறது, பாதியில் அப்படியே நின்று, நேரம் முடிந்துவிடுகிறது. பிழைச் செய்தியே வராது. பினாங்குக்கும் சைபர்ஜெயாவுக்கும் நடுவே விபிஎன் சுரங்கம் இருந்தால் இதை முதலில் சந்தேகியுங்கள். சுரங்கத்தின் தலைப்புகள் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடும். சின்னப் பாக்கெட் தப்பிவிடும். சர்டிபிகேட் சங்கிலியைச் சுமந்து வரும் பெரிய பாக்கெட் மாட்டிக்கொள்ளும். பிங் போகிறது, போர்ட் திறக்கிறது, ஆகவே நெட்வொர்க் சரி என்று நெட்வொர்க் ஆட்கள் கையைக் கழுவிவிடுவார்கள். துண்டாக்கத் தடை போட்டு, 1500 பைட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிங் அனுப்பிக் காட்டுங்கள். அது போகவில்லை என்றால் சுரங்கத்தில் எம்எஸ்எஸ் அளவை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏறும் தரவின் உச்ச அளவை, குறைக்கச் சொல்லுங்கள்.

ஒரு நோட் ரீபூட் ஆனது, அதன் டிஸ்க் மட்டும் ஏறவில்லை

முதல் வேலை நேரத்தை நிறுத்துவது. நோட் போய்விட்டது என்று கிளஸ்டர் முடிவுகட்டினால் தரவை வேறு இடத்தில் மறுபடி கட்ட ஆரம்பிக்கும். செஃபில் இயல்பாக 10 நிமிடம், விசானில் 60 நிமிடம். சாவிக் கோளாறு அரை மணியில் தீரக்கூடியது. மறுகட்டுமானம் ஆரம்பித்தால் இரவு முழுக்க நெட்வொர்க் திணறும், இடம் குறைவாக இருந்தால் கிளஸ்டரே நிரம்பிவிடும். செஃபில் ‘நோஅவுட்’ கொடியை ஏற்றுங்கள். விசானில் பழுதுநீக்க டைமரை நீட்டுங்கள். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும்.

செஃப் என்றால் பாதை இது. ஓஎஸ்டி (ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் ப்ராசஸ்) எழும்போது ‘லாக்பாக்ஸ்’ என்ற தனி அடையாளத்தோடு மானிட்டரிடம் போய், லக்ஸ் எனும் லினக்ஸ் டிஸ்க் பூட்டுக்கான தன் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, டிஸ்க்கைத் திறக்கிறது. அந்த அடையாளத்தின் ரகசியம் டிஸ்க் பகுதியோடு ஒட்டிய எல்விஎம் டேகில் எழுதப்பட்டிருக்கும். ஆகவே நான்கு இடத்தில் அறுந்திருக்கலாம். மானிட்டர்களுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா? மூன்றில் இரண்டு எழுந்திருக்க வேண்டும். மானிட்டர்களின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று 0.05 வினாடிக்கு மேல் விலகினாலே செஃப் முணுமுணுக்க ஆரம்பித்துவிடும், அதையும் பாருங்கள். லாக்பாக்ஸ் அடையாளம் அனுமதிப் பட்டியலில் இன்னும் இருக்கிறதா? மானிட்டர்களின் கான்ஃபிக்-கீ பட்டியலில் அந்த ஓஎஸ்டியின் சாவி இருக்கிறதா? கடைசியாக, அந்தச் சாவியை அட்மின் உரிமையோடு கையால் எடுத்து லக்ஸைத் திறந்து பார்த்தால் திறக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் உங்கள் தரவு பத்திரம். மிச்சமெல்லாம் வயரிங் வேலை.

இந்த இடத்தில் பலர் செய்கிற ஒரு காரியத்தைத் தடுத்தாக வேண்டும். ஏறாத ஓஎஸ்டியை ‘டிஸ்ட்ராய்’ அல்லது ‘பர்ஜ்’ செய்துவிட்டு அதே டிஸ்க்கைத் திரும்பச் சேர்க்கலாம் என்று தோன்றும். டிஸ்ட்ராய் கட்டளை அந்த ஓஎஸ்டியின் டிஸ்க்கைத் திறக்கும் டிஎம்-கிரிப்ட் சாவிகளையும் சேர்த்தே அழிக்கும். அதன்பிறகு அந்த டிஸ்க்கில் இருப்பது வெறும் இரைச்சல். மற்ற பிரதிகள் முழுமையாக இருக்கின்றன என்று கண்ணால் பார்க்கும்வரை அந்தக் கட்டளைப் பக்கமே போக வேண்டாம்.

விசானில், எழுந்த ஹோஸ்டுக்கு மேல்சாவி கிடைக்காவிட்டால் அதன் டிஸ்க் குழுக்கள் பூட்டியபடியே நிற்கும். மற்ற ஹோஸ்டுகள் முன்பே வாங்கிய சாவியை ராமில் வைத்து ஓடிக்கொண்டிருக்கும். மேல்சாவி கிளஸ்டர் முழுமைக்கும் ஒன்றுதான். எனவே இந்த ஹோஸ்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் பிரச்சினை அதன் பாதையிலோ சர்டிபிகேட்டிலோ இருக்கிறது. பாதையைச் சரிசெய்தபின் ஹோஸ்ட் என்கிரிப்ஷன் மோடை மறுபடி இயக்கச் சொல்லி விசென்டரே கேட்கும். ஆனால் பாதை சரியாகும்முன் “எதற்கும் இருக்கட்டும்” என்று அடுத்த ஹோஸ்டையும் ரீபூட் செய்தால் இரண்டு பிரதியும் பூட்டிக்கொள்ளும்.

ஆன்டாப்பில் ஜோடி நோட் பாரத்தை ஏற்றுக்கொண்டிருக்கும், பயனர்களுக்கு ஒன்றும் தெரியாது. சாவிப் பட்டியலில் ‘ரெஸ்டோர்ட்’ என்ற பத்தியைப் பாருங்கள். அந்த நோடுக்கு அங்கே ஒன்றேனும் ‘ஃபால்ஸ்’ என்று இருந்தால், பாரத்தை அதனிடம் திருப்பும் கிவ்பேக் கொடுக்காதீர்கள். வெளிச் சாவி சர்வர் என்றால் ரெஸ்டோர் கட்டளை, ஆன்போர்ட் என்றால் சிங்க் கட்டளை. எல்லாம் ‘ட்ரூ’ ஆனபிறகு கிவ்பேக்.

கரண்ட் போய் வந்தது, கிளஸ்டரே எழவில்லை

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் இது வருகிற பருவம் எல்லாருக்கும் தெரியும். சீனப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலை மூடுகிறது, மின்பராமரிப்புக்கு அதுதான் தோது என்று மொத்த சர்வர் அறையையும் அணைக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துச் சுவிட்சைப் போட்டால் அத்தனை நோடும் ஒரே நேரத்தில் ராம் காலியாக எழுகின்றன. ஒருவரிடமும் சாவி இல்லை. எல்லாரும் சாவி சர்வரைத் தேடுகிறார்கள். சாவி சர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷின். அது எங்கே இருக்கிறது? பூட்டிக்கிடக்கும் அதே கிளஸ்டரில்.

காருக்குள் சாவியை வைத்துக் கதவைச் சாத்திய கதை. அப்படி ஒரு நாள் பினாங்கிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான்: “அண்ணே, டிஸ்க்கு எல்லாம் பச்சையாத்தான் இருக்கு, ஆனா வால்யூம் ஒண்ணும் ஏற மாட்டேங்குது. கேஎம்எஸ்ஸ ஆன் பண்ணலாம்னு பார்த்தா, அதோட டிஸ்க்கே இதுக்குள்ளதான் இருக்கு.” பின்னால் ஒரு ஆள் மலாயில் நேரம் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. தொழிற்சாலை மறுநாள் காலை திறக்க வேண்டும்.

“தம்பி, பேக்கப் எங்க இருக்கு, அத மட்டும் சொல்லு.”

“அது வேற பெட்டிண்ணே. என்கிரிப்ட் இல்ல.”

அந்த ஒரு பதிலில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பேக்கப்பும் அதே கிளஸ்டரில் என்று சொல்லியிருந்தால் இரவு வேறு மாதிரி போயிருக்கும்.

வழிமுறை இதுதான். தேவையான சங்கிலியைத் தாளில் எழுதுங்கள்: நேரம், பெயர், சாவி, அப்புறம் ஸ்டோரேஜ். நேரம் கொடுக்கும் என்டிபி சர்வர், பெயர் கொடுக்கும் டிஎன்எஸ் சர்வர், சாவி சர்வர் மூன்றும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன? மூன்றில் எது பூட்டிய கிளஸ்டருக்குள் இருந்தாலும் அதற்கு வெளியே ஒரு மாற்று வேண்டும். நேரத்துக்குக் கையால் தேதியை அமைக்கலாம். பெயருக்கு நோடின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சாவி சர்வரின் ஐபியை எழுதிவிடலாம். டிஎன்எஸ் உள்ளே மாட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் சாவி சர்வரையே குறைசொல்லிக்கொண்டிருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சாவி சர்வர் பக்கத்து ரேக்கில் நலமாக ஓடிக்கொண்டிருக்கும், நோடுக்கு அதன் முகவரிதான் தெரியாது.

சாவி சர்வரே உள்ளே என்றால், முதலில் அதன் பிரதி வேறு தளத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். பினாங்கு ஆலைகள் பலவற்றின் தலைமை அலுவலகம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும். அங்கே ஒரு பிரதி இருந்தால் பாதையைத் திறந்து, நோடுகளை அதன் பக்கம் திருப்பினால் போதும். இல்லையென்றால் பேக்கப்பிலிருந்து சாவி சர்வரை ஒரு தனிப் பெட்டியின் சொந்த டிஸ்க்கில் எழுப்ப வேண்டும். பழைய ஐபி, பழைய பெயர் அப்படியே இருக்கட்டும். ஐபி மாறினால் சர்டிபிகேட் தகராறு கூடவே வரும். விஎம்வேரின் உள்ளமைந்த சாவி வசதியான நேட்டிவ் கீ புரொவைடரைப் பயன்படுத்தி, விசென்டரைப் புதிதாகக் கட்ட வேண்டிவந்தால், அமைத்த நாளில் பதிவிறக்கிய பி12 பேக்கப் கோப்பும், போட்டிருந்தால் அதன் கடவுச்சொல்லும் தேவை. பேக்கப் எடுக்காமல் அந்த வசதியைப் பயன்படுத்தவே விடமாட்டார்கள், ஆகவே அந்தக் கோப்பு யாரோ ஒருவருடைய லேப்டாப்பில் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் கட்டாயம் இருந்தது. இப்போதும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

செஃபில் இதே சிக்கல் வேறு வேடத்தில் வரும். மானிட்டர்கள் விர்ச்சுவல் மெஷின்களாக, அதே செஃப் கொடுக்கும் டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் எழ ஓஎஸ்டி வேண்டும், ஓஎஸ்டி திறக்க மானிட்டர் வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை. மானிட்டர் டிஸ்க்கின் பழைய நகல் வெளியே எங்காவது இருக்க வேண்டும். மானிட்டர் தரவை இழந்தால் ஓஎஸ்டிகளிலிருந்து அதை மறுபடி கட்டும் உத்தி செஃபில் உண்டு. ஆனால் அதற்கு ஓஎஸ்டிகள் திறந்திருக்க வேண்டும். பூட்டிய ஓஎஸ்டியிடம் கேட்க முடியாது.

சாவி சர்வர் எழுந்திருக்கிறது, ஆனால் எதுவும் தரமாட்டேன் என்கிறது

சாவி சர்வராக ஹாஷிகார்ப் வால்ட் வைத்திருப்பவர்களுக்கு: அது ரீஸ்டார்ட் ஆனால் ‘சீல்’ ஆன, அதாவது பூட்டிய நிலையில்தான் எழும். ப்ராசஸ் ஓடுகிறது, போர்ட் திறந்திருக்கிறது, கண்காணிப்புப் பலகை பச்சை காட்டலாம். ஹெல்த் முகவரியைத் தட்டினால் 503 வரும். சீல் என்று அர்த்தம். 429 வந்தால் அது காத்திருக்கும் நோட், பயப்பட வேண்டாம்.

சீலை உடைக்க, முதல் அமைப்பின்போது பங்குபோட்ட சாவித்துண்டுகள் வேண்டும். யாரும் மாற்றாவிட்டால் 5 துண்டு, அதில் 3 சேர்ந்தால் திறக்கும். கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு வால்ட் நோடுக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். தொழில்நுட்பம் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் ஆள் தேடும் வேலை. துண்டு வைத்திருந்த ஐவரில் ஒருவர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போயிருப்பார், இன்னொருவர் அது என்ன என்றே மறந்து பழைய லேப்டாப்போடு திருப்பிக் கொடுத்திருப்பார். மூன்று பேர் மிஞ்சினால் போதும், அதிர்ஷ்டம். திறந்த கையோடு துண்டுகளை ரீகீ செய்து (புதிதாகப் பங்குபோட்டு) புது ஆட்களிடம் கொடுங்கள்.

ஆட்டோ அன்சீல் வைத்திருந்தால் வால்ட் தானே ஒரு கிளவுட் சாவியை வைத்துத் திறந்துகொள்ளும். அங்கே கொடுக்கப்படும் ‘ரெக்கவரி’ சாவிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெயர் அப்படி இருந்தாலும் அவற்றால் சீலைத் திறக்க முடியாது. கிளவுட் சாவிதான் வழி. அதற்கு இன்டர்நெட் வேண்டும், கிளவுட் கணக்கின் அனுமதி வேண்டும், பில்லும் கட்டியிருக்க வேண்டும்.

தொடர்பு சரி, “அந்தச் சாவி இல்லை” என்று பதில்

இதுவரை சொன்னவை பாதை அறுந்த கதைகள். இது வேறு. சாவி சர்வர் பேசுகிறது, நீங்கள் கேட்ட அடையாள எண்ணில் எதுவும் இல்லை என்கிறது. வயிற்றைக் கலக்கும், ஆனால் உடனே முடிவுக்கு வர வேண்டாம். உரிமை இல்லாதவருக்கும் சில சர்வர்கள் “இல்லை” என்றே பதில் சொல்லும். சாவி சர்வரின் அட்மின் திரைக்கே போய் அந்த எண்ணைத் தேடுங்கள்.

அங்கே இருக்கிறது, உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் அது அனுமதிப் பிரச்சினை. இருக்கிறது, ஆனால் ‘டீஆக்டிவேட்டட்’ நிலையில் என்றாலும் பயமில்லை. அந்த நிலையில் புதிதாகப் பூட்டத்தான் கூடாது, ஏற்கெனவே பூட்டியதைத் திறக்கலாம். சில சர்வர்கள் கறாராக மறுக்கும், நிலையை மாற்றித் தரச் சொல்ல வேண்டும். ‘டிஸ்ட்ராய்ட்’ என்று இருந்தால் சாவியின் உடல் போய்விட்டது, பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அப்போது கேட்க வேண்டியது: சாவி சர்வரின் பேக்கப் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?

ஒரு சாவிகூட அழிக்கப்படாமலே இந்தப் பதில் வரும் சூழ்நிலை ஒன்று உண்டு. சாவி சர்வரில் ஏதோ கோளாறு என்று போன வாரத்துப் பேக்கப்பிலிருந்து அதை மீட்டிருப்பார்கள். நடுவில் கிளஸ்டர் மேல்சாவியை மாற்றியிருக்கும். கிளஸ்டர் கேட்பது புதுச் சாவியை. சர்வருக்குத் தெரிந்தது பழையதை மட்டும். மீட்பதற்கு முந்தைய சர்வரின் டிஸ்க் அல்லது ஸ்னாப்ஷாட் இன்னும் இருந்தால் அதை யாரும் அழிக்காமல் உடனே பாதுகாத்துவிடுங்கள்.

கிளவுட் சாவி என்றால் ஒரு நல்ல செய்தி. அமேசானின் கேஎம்எஸ்ஸில் ஒரு சாவியை உடனே அழிக்க முடியாது. 7 முதல் 30 நாள் வரை காத்திருப்பு உண்டு, எதுவும் சொல்லாவிட்டால் 30. அதற்குள் ரத்துசெய்துவிடலாம். ரத்தானபின் சாவி ‘டிசேபிள்’ நிலையில் இருக்கும், அதை மறுபடி இயக்கினால்தான் வேலை செய்யும். பார்க்கும் ரீஜியன் சரிதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் மலேசிய ரீஜியன் வந்தபிறகு சிங்கப்பூரிலிருந்து இங்கே மாற்றியவர்களிடம் பாதிச் சாவி அங்கே, பாதி இங்கே என்று கிடக்க வாய்ப்புண்டு.

சாவி கையில் இருக்கிறது, டிஸ்க் ஏற்கமறுக்கிறது

“இந்தக் கடவுச்சொல்லுக்கு எந்தச் சாவியும் இல்லை” என்று லக்ஸ் சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தை. சாவியை எக்கோ கட்டளையால் கோப்பில் எழுதும்போது கடைசியில் ஒரு வரிமுறிவு ஒட்டிக்கொள்ளும். கையால் தட்டச்சு செய்யும்போது லக்ஸ் அந்த முறிவைக் கணக்கில் எடுக்காது. கோப்பாகக் கொடுத்தால் அதையும் சாவியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். கோப்பின் அளவைப் பைட்டில் எண்ணிப் பாருங்கள். 44 எழுத்துச் சாவிக்கு 45 பைட் காட்டினால் கதை அங்கேயே முடிந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்த சாவியில் கோடு நீளமாகியிருக்கும், மேற்கோள்குறி வளைந்திருக்கும். சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

சாவி சரியென்று உறுதியானால் தலைப்பைப் பாருங்கள். லக்ஸ் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு தலைப்புப் பகுதி உண்டு. பூட்டிய தரவுச்சாவி அதில்தான் இருக்கிறது. லக்ஸ்2 என்றால் பொதுவாக 16 எம்பி. ஓஎஸ் இன்ஸ்டாலரோ ரெய்டு கார்டோ தவறான டிஸ்க்கின் தொடக்கத்தில் எதையாவது எழுதியிருந்தால் மேல்சாவி இருந்தும் பயனில்லை. தலைப்பின் பேக்கப் இருந்தால் மீட்டுவிடலாம். அதற்குமுன் டிஸ்க்கின் இப்போதைய தொடக்கப் பகுதியை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். தவறான பேக்கப்பை மேலே எழுதிவிட்டால் திரும்பி வர வழி வேண்டும்.

தலைப்பு கெட்டிருக்கிறது, ஆனால் நோட் ரீபூட் ஆகவில்லை, டிஸ்க் இன்னும் திறந்திருக்கிறது என்றால், முதல் பத்தியில் சொன்னது இங்கேதான் உயிர் காக்கும். தரவுச்சாவி இன்னும் கெர்னலின் நினைவில் இருக்கிறது. லக்ஸ்1 என்றால் டிஎம்செட்டப் கட்டளை மூலம் அதை வெளியே எடுத்துப் புதுத் தலைப்பு எழுதும் வழி உண்டு. லக்ஸ்2 வழக்கமாகக் கெர்னல் சாவிவளையத்தில் வைப்பதால் அப்படி எடுக்க முடியாது. எது எப்படியானாலும் முதலில் திறந்திருக்கும் டிஸ்க்கிலிருந்து தரவை வெளியே நகலெடுங்கள். சாமர்த்தியமெல்லாம் அப்புறம்.

மதர்போர்டு மாற்றியபின்

சுருக்கமாக முடிந்துவிடும். சாவிகளைக் காக்கும் டிபிஎம் சில்லு பழைய போர்டோடு போய்விட்டது, அதில் பூட்டியவையும் போயின. விஎம்வேர் ஹோஸ்டில் ஓடும் இஎஸ்எக்ஸ்ஐ 7.0 அப்டேட் 2 முதல், டிபிஎம் உள்ள ஹோஸ்டின் கான்ஃபிகரேஷனும் என்கிரிப்ட் ஆகிறது. ரெக்கவரி சாவியை முன்பே எழுதிவைத்திருந்தால் பூட் வரியில் அதைக் கொடுத்து எழுப்பலாம். போர்டு இன்னும் மாற்றவில்லை என்றால் இப்போதே ஒவ்வொரு ஹோஸ்டிலும் அதை எடுத்து வையுங்கள். ஆன்டாப்பின் ஆன்போர்ட் கீ மேனேஜருக்குப் பூட் மெனுவில் 10ஆவது தேர்வு. கிளஸ்டர் கடவுச்சொல்லும் பேக்கப் உரையும் கேட்கும். கடவுச்சொல் குறைந்தது 32 எழுத்து, கன்சோலில் தட்டச்சு செய்யப் பொறுமை வேண்டும். போர்டு மாறாமல் ஃபர்ம்வேர் அப்டேட் மட்டும் செய்து டிபிஎம் மறுத்தால், செக்யூர் பூட் அமைப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய நிலைக்குத் திருப்பினால் பெரும்பாலும் திறந்துவிடும்.

சாவி உண்மையிலேயே போய்விட்டதென்றால்

பேக்கப்பில் இல்லை, ராமில் இல்லை, யாரிடமும் துண்டு இல்லை என்றால், 256 பிட் ஏஇஎஸ்ஸை உடைத்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள்.

போனது ஒரு நோடின் அல்லது ஒரு ஓஎஸ்டியின் சாவி மட்டும் என்றால் மனதைத் தேற்றிக்கொண்டு அந்த டிஸ்க்கை அழித்துப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதிகளிலிருந்து அது நிரம்பிக்கொள்ளும். ஒரு டிஸ்க்கின் சாவியைத் தேடி இரண்டு நாள் போக்குவதைவிட அது மேல். மொத்த கிளஸ்டரின் மேல்சாவி என்றால் பேக்கப்பிலிருந்து மீட்பது ஒன்றே வழி. அந்தப் பேக்கப் அதே சாவியில் பூட்டியதா என்பதை முதலில் பாருங்கள்.

வாடிக்கையாளர் தரவு அதில் இருந்தால் சட்டப் பிரிவை எழுப்பிவிடுங்கள். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தத்தில், தரவு தொலைந்துபோவதும் தரவு மீறலில் அடக்கம். 2025 ஜூன் 1 முதல், கணிசமான பாதிப்பு வரக்கூடியதை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். யாரோ வேண்டுமென்றே சாவியை அழித்ததாகத் தெரிந்து, உங்கள் நிறுவனம் முக்கியத் தேசியத் தகவல் கட்டமைப்புப் பட்டியலிலும் இருந்தால், 2024ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முதல் விவரங்களை 6 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். லாக்குகளை எடுத்து வைத்திருந்தீர்களா என்ற கேள்வி அப்போது வரும்.

சரியானபின் ஒரு சோதனை

பச்சை வந்ததும் எல்லாரும் மாமாக் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரட்டும், ஆனால் டிக்கெட்டை மூடாதீர்கள். இப்போது எல்லா நோடும் திறந்திருக்கின்றன. அடுத்த ரீபூட்டில் தானாகத் திறக்குமா என்பது இன்னும் தெரியாது. முழுப் பிரதிகளும் ஆரோக்கியமாக இருக்கும்போது, ஒரே ஒரு நோடைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோய் ரீபூட் செய்யுங்கள். யாரும் கை வைக்காமல் அது சாவியை வாங்கி, டிஸ்க்கைத் திறந்து, கிளஸ்டரில் சேர வேண்டும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் அவசரத்துக்கு எழுதிய ஐபியை அதற்குமுன் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சோதனைக்கே அர்த்தமில்லை. முதல் நோட் சேர்ந்து தரவு ஒத்திசைந்தபிறகு இரண்டாவது. நோஅவுட் கொடியை இறக்குவது கடைசி நோடும் சேர்ந்தபிறகு.